பிளஸ் ஒன் படிக்கிற மகளுக்கு வெளிநாட்டுல டிகிரி: ஸ்காலர்ஷிப் நிஜமாவே கிடைக்குமா?

வள்ளி_தேவகோட்டை

எல்லாருக்கும் வணக்கம். மக பிளஸ் ஒன் படிக்கிறா, சிபிஎஸ்இ. கணக்கும் பொருளாதாரமும் சேர்த்து டிகிரி படிக்கணும், அதுவும் வெளிநாட்டுலதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எங்க வீட்டுக்காரக காரைக்குடியில ஹார்டுவேர் கடை வச்சிருக்காக. ஒழுங்கா வரி கட்டுறோம், கடன் இல்லாம ஓடுது, அவ்வளவுதான். வருசத்துக்கு அறுபது எழுபது லட்சம் எடுத்து நீட்டுற குடும்பம் இல்லை.

ரெண்டு சந்தேகம். நான் தேடிப் பார்த்த ஸ்காலர்ஷிப் எல்லாம் உள்ள போய்ப் படிச்சா மாஸ்டர்ஸுக்குன்னு இருக்கு. பிளஸ் டூ முடிச்சிட்டு நேரா போற பிள்ளைக்கு எதுவுமே கிடையாதா?

ரெண்டாவது நம்ம ஊர்க் கதை. கானாடுகாத்தான் பக்கம் மாமனார் வழி வீடு இருக்கு. இந்தத் தெருவுல நுழைஞ்சா அடுத்த தெருவுல வெளிய வரலாம். பர்மாத் தேக்குத் தூணு, சலவைக்கல்லு எல்லாம் உண்டு. ஆனா பங்காளிக எல்லாருக்கும் பொது. எங்களுக்குன்னு உள்ளது ரெண்டாங்கட்டுல ஒரு அறை மட்டும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்புன்னா போவோம், மத்தபடி பூட்டித்தான் கிடக்கு. அமெரிக்கக் காலேஜ்ல சொத்து விவரம் கேக்குறாகளாம். "அந்த வீட்டைக் காட்டினா பைசா தரமாட்டான், மறைச்சிருங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் "மறைச்சா சீட்டே போயிரும்"ங்கிறார். விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

கொப்புடையாள்_துணை

வணக்கம் ஆச்சி. நான் காரைக்குடி செக்காலைக்காரன். அமெரிக்காவுல ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல அவங்க கொடுத்த பணத்துலயே நாலு வருசம் படிச்சேன். இப்ப சென்னையில வேலை.

முதல் கேள்விக்கு முதல்ல. நாம பேரு கேட்டுப் பழகின ஸ்காலர்ஷிப் எல்லாம் முதல் டிகிரி முடிச்சவங்களுக்கு. செவனிங், காமன்வெல்த், ஃபுல்பிரைட் நேரு, ரோட்ஸ், இன்லாக்ஸ், எராஸ்மஸ் முண்டஸ் எல்லாமே அப்படித்தான். நம்ம மாநில அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் கொடுக்கிற அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பும் அதே. அதனால இளநிலைக்கு "ஸ்காலர்ஷிப்"னு தேடாதீங்க, நாள்தான் போகும். அந்த வயசுப் பிள்ளைக்கு உருப்படியான பணம் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு காலேஜோட சொந்தப் பணம், இன்னொண்ணு அந்தந்த நாட்டு அரசாங்கப் பணம். தேட வேண்டியது காலேஜை. அந்தக் காலேஜ் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன கொள்கை வச்சிருக்குன்னு பார்த்துத்தான் விண்ணப்பப் பட்டியலே போடணும்.

அமெரிக்காவுல தனியார் காலேஜ்ல எல்லாச் செலவும் சேர்த்து வருசத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும். ஆனா ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரி சில இடங்கள்ல 'நீட் பிளைண்ட்'னு ஒரு கொள்கை. சேர்க்கையை முடிவு பண்றப்போ உங்களால கட்ட முடியுமா முடியாதான்னு பார்க்கவே மாட்டாங்க, வெளிநாட்டுப் பிள்ளையா இருந்தாலும். சேர்த்ததுக்கு அப்புறம் குடும்பத்தால எவ்வளவு முடியும்னு கணக்குப் போட்டு, மிச்சம் முழுசையும் அவங்களே கொடுத்துருவாங்க. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2022ல டார்ட்மவுத்தும் போடனும் இதுல சேர்ந்தாங்க. பிரௌன், நோட்டர் டேம் அதுக்குப் பின்னாடி வந்தாங்க. ஹார்வர்டுல 2025லேருந்து குடும்ப வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள்ள இருந்தா சாப்பாடு, தங்கல் உட்பட எதுவுமே கட்ட வேண்டாம். காரைக்குடி ஹார்டுவேர் கடை அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழ ஆச்சி.

கதவு ரொம்பக் குறுகல்ங்கிறதையும் சொல்லிடறேன். இது மட்டும் நம்பி விண்ணப்பம் போட்டா ஏப்ரல்ல கையில ஒண்ணும் இருக்காது.

அடுத்த வரிசை 'நீட் அவேர்'. பணம் கேக்குறீங்களா, எவ்வளவுங்கிறதையும் பார்த்துத்தான் சேர்ப்பாங்க. சேர்த்துட்டா நிறையக் கொடுப்பாங்க. கிரின்னல், மெக்காலஸ்டர், கோல்பி, ஸ்கிட்மோர்னு நம்ம ஊர்ல யாரும் கேள்விப்படாத பேரா இருக்கும். நம்ம பிள்ளைக நிறையப் பேர் பணத்தோட போறது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். இதுல ஒரு விசயம் முக்கியம். பணம் கேட்டா சீட்டு கிடைக்காதுன்னு பயந்து, கேக்காமச் சேர்ந்துட்டு ரெண்டாம் வருசம் கேட்டுக்கலாம்னு சிலர் யோசனை சொல்வாங்க. பல காலேஜ்ல வெளிநாட்டுப் பிள்ளைக முதல் விண்ணப்பத்துல கேக்கலைன்னா நாலு வருசத்துக்கும் கேக்க முடியாது.

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள்ல வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பெருசா எதிர்பார்க்காதீங்க.

கணக்கப்பிள்ளை

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கல்விக் கடன் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வள்ளி ஆச்சிக்கு ஒன்றே ஒன்று. எவ்வளவு கொடுக்கிறான் என்று கேட்காதீர்கள், கொடுத்தது போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். நம் வட்டாரத்தில் வரவு, செலவு, இருப்பு என்று ஐந்தொகை போட்டுப் பழகிய குடும்பங்களே இந்த விஷயத்தில் மட்டும் வரவை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோகின்றன.

புதுவயல்_மில்

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. போன வருசம் என் தங்கச்சி மகனுக்கு ஒரு ஏஜென்சியில கடிதம் வாங்கிக் கொடுத்தாங்க. "15,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப்"னு தங்க நிறத்துல அச்சடிச்சிருந்துச்சு. வீட்டுல பாயசம் வச்சு, ஸ்டேட்டஸ் போட்டு, சொந்தக்காரங்க எல்லாம் போன் பண்ணி வாழ்த்திட்டாங்க. அப்புறம் மில்லுல உக்காந்து நெல்லுக் கணக்கு எழுதுற நோட்டுலயே கூட்டிப் பார்த்தேன். கட்டணம் 38,000. அதுல 15,000 போனா 23,000. தங்கல், சாப்பாடு 14,000. இன்சூரன்ஸ் 2,500. ஆக வருசத்துக்கு 39,500 டாலர். நாலு வருசத்துக்கு 1,58,000. டாலர் 85 ரூபாய்னு வச்சாலே ஒரு கோடியே 34 லட்சம். வருசா வருசம் கட்டணம் ஏறுறதையும் நான் சேர்க்கலை.

ஏஜென்சிக்காரர்கிட்ட கேட்டா "அதுக்குத்தான் லோன் இருக்கே"ங்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கிட்டேருந்து அவருக்குக் கமிஷன்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. எங்ககிட்ட "ஸ்காலர்ஷிப் ப்ராசஸிங் ஃபீஸ்"னு வாங்குனது தனி.

கொப்புடையாள்_துணை

அது ஸ்காலர்ஷிப்னு பேர் வச்ச தள்ளுபடி அண்ணே. சேர்ற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அதைக் கொடுக்கிற காலேஜ்கள் இருக்கு. அப்புறம் ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா அங்கயே எந்திரிச்சு வந்துரலாம்.

காசு கொடுக்காம ஆலோசனை வேணும்னா எஜுகேஷன் யுஎஸ்ஏ இருக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையோடது. சென்னையில யுஎஸ்ஐஇஎஃப்ங்கிற அமெரிக்க இந்தியக் கல்வி அமைப்பு நடத்துது. எந்தக் காலேஜுக்கும் ஆள் பிடிக்கிற வேலை அவங்களுக்கு இல்லை.

மட்டுறுத்துநர்

மேலே ஒரு கன்சல்டன்சி விளம்பரமும் செல்பேசி எண்ணும் நீக்கப்பட்டன. இழை தொடரட்டும்.

வள்ளி_தேவகோட்டை

தம்பி, கோடி நன்றி. இதை எங்க வீட்டுக்காரகள உக்கார வச்சுப் படிக்கச் சொன்னேன். வீட்டு விசயம் மட்டும் இன்னும் முடியலையே?

கொப்புடையாள்_துணை

அதை அவசரமா எழுத வேண்டாம்னுதான் நிறுத்தி வச்சேன் ஆச்சி. மறைக்கவே மறைக்காதீங்க. ஆனா முழு வீட்டையும் உங்க தலையில எழுதிக்கவும் வேண்டாம்.

பல காலேஜ்கள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு படிவம் கேக்கும். காலேஜ் போர்டு நடத்துறது. முதல் காலேஜுக்கு 25 டாலர், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் 16. கட்ட முடியலைன்னா காலேஜுக்கே மெயில் போட்டுக் கேளுங்க. சிலது விலக்குக் குறியீடு அனுப்பும், சிலது காசில்லாம நிரப்புற வேற படிவம் தரும். வருமானம், சேமிப்பு, குடியிருக்கிற வீடு, மத்த நிலபுலன், தொழில் எல்லாத்தையும் ரூபாயிலேயே எழுதலாம். டாலருக்கு மாத்தி மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

கானாடுகாத்தான் வீடு 'மத்த சொத்து'ங்கிற இடத்துல வரும். உங்க வீட்டுக்காரகளோட பங்கு மட்டும். அதோட மதிப்பை மனசறிஞ்சு போடுங்க. எஸ்டேட் ஆளு கண்ணை மூடிச் சொல்ற விலை வேண்டாம். கடைசியில விளக்கம் எழுத ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியிலதான் உங்க கேஸே இருக்கு. என் படிவத்துல நான் எழுதுனது கிட்டத்தட்ட இப்படி: "இது என் கொள்ளுத்தாத்தா கட்டிய பொது வீடு. பிரிக்கப்படவில்லை. பங்குதாரர் அனைவரும் கையெழுத்திடாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. வாடகை வருமானம் இல்லை. பராமரிப்புக்கு நாங்கள்தான் ஆண்டுதோறும் பணம் தருகிறோம்." இதுக்கு மேல ஒரு வரிகூட இல்லை. கண்ணீர் வேண்டாம். காரணம் தெரிஞ்சாப் போதும். வாசிக்கிற ஆளு அயோவாவிலேயோ மேய்ன்லேயோ உக்காந்திருக்கார், நூறு அறை வீட்டுல ஒரு அறை மட்டும் உங்களோடதுங்கிற ஏற்பாட்டை அவர் வாழ்க்கையில பார்த்திருக்க மாட்டார்.

இன்னொண்ணு, பொதுவா அவங்க கணக்குல பேசுறது வருமானம்தான். சொத்துல ஒரு சின்ன சதவீதத்தைத்தான் எடுத்துப்பாங்க. மறைச்சா என்ன ஆகும்னா, அப்புறம் வருமான வரி ரிட்டர்ன், பேங்க் கணக்கு எல்லாம் அனுப்பச் சொல்வாங்க. ஒட்டலைன்னா சேர்க்கையையே ரத்து பண்ணலாம்.

கடைக்கு ஒரு வார்த்தை. விற்றுமுதலை வருமானம்னு எழுதிடாதீங்க. சரக்கு, வாடிக்கைக்காரங்க நமக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, நாம கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் ஆடிட்டர்கிட்ட ஒரு தாள்ல வாங்கி வச்சுக்கங்க.

கணக்கப்பிள்ளை

அதே வீட்டை நம்பிக் கடன் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை. அதற்கு மேல் சொத்துப் பிணை. பிரியாத பங்கை எந்தச் சட்ட ஆலோசகரும் பிணையாக ஏற்றுக் கருத்துரை தரமாட்டார். சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், அமெரிக்காவில் மூவர் என்று பங்காளிகள் சிதறிக் கிடக்கையில் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பிள்ளை பட்டம் வாங்கிவிடும். பிணையில்லாமல் தருகிறோம் என்று வரும் தனியார் நிறுவனங்களின் வட்டியைப் பார்த்துவிட்டு, வட்டித் தொழில் செய்த நம் பாட்டன்மார்களே வாயடைத்துப் போயிருப்பார்கள். பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டும்.

செக்காலை_நூல்கடை

எல்லாம் சரி, நம்மூர்லயே பல்கலைக்கழகம் இருக்கு, சிக்ரின்னு மத்திய அரசு மின்வேதியியல் ஆய்வகம் இருக்கு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தது எதுக்கு? பதினேழு வயசுப் பிள்ளையை ஏன் கடல் தாண்டி அனுப்பணும்?

கணக்கப்பிள்ளை

அழகப்பரே லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்தவர்தான், தம்பி.

ஆத்தங்குடி_கண்ணாடி

அண்ணே, ஐயா, நானும் கேக்கலாமா? அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பிளஸ் டூ இப்ப ஆரம்பிச்சிருக்கேன். இயற்பியல், வேதியியல், கணக்கு. அப்பா டைல்ஸ் பட்டறையில வேலை. எங்க வீட்டுல பாஸ்போர்ட்டுனு யாருக்கும் கிடையாது. மேல சொன்ன 25 டாலரே எங்களுக்கு யோசிக்க வேண்டிய காசு. எனக்கு ஏதாவது வழி இருக்கா? இங்கிலீஷ் படிச்சாப் புரியும், பேசுறதுதான் தயக்கம்.

கொப்புடையாள்_துணை

இருக்கும்மா. உனக்கு நான் அமெரிக்காவை ரெண்டாவதாத்தான் சொல்வேன். முதல்ல ஜப்பான்.

ஜப்பான் அரசாங்கத்தோட மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப் இளநிலைக்கு உண்டு. தூதரகம் மூலமா விண்ணப்பம். கட்டணம் கிடையாது, போக வர விமான டிக்கெட் அவங்களோடது, மாசம் 1,17,000 யென் கைச்செலவுக்கு. முதல் வருசம் முழுக்க ஜப்பானிய மொழி, அப்புறம் நாலு வருசம் டிகிரி. எழுத்துத் தேர்வு இருக்கு. அறிவியல் பக்கம் போறவங்களுக்குக் கணக்கு, வேதியியல், அதோட இயற்பியலோ உயிரியலோ. இங்கிலீஷ் தாளும் ஜப்பானிய மொழித் தாளும் உண்டு. மொழி தெரியாமலும் தேர்வாகிறவங்க இருக்காங்க, ஏன்னா மொழியைச் சொல்லிக்கொடுக்கத்தானே அந்த முதல் வருசம். உன் அப்பா என்ன சம்பாதிக்கிறார்னு இதுல யாரும் கேக்க மாட்டாங்க, பேசறதுல தயக்கமும் எழுத்துத் தேர்வைக் கெடுக்காது. அறிவிப்பு வழக்கமா கோடை முடியறப்போ வரும், நாள் கொஞ்சமாத்தான் கொடுப்பாங்க. பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே போ.

அதே மாதிரி தென்கொரிய அரசாங்கத்தோட ஜிகேஎஸ் ஸ்காலர்ஷிப். ஒரு வருசம் மொழி, நாலு வருசம் படிப்பு. பள்ளி மதிப்பெண் 80 சதவீதத்துக்கு மேல வேணும். இலையுதிர் காலத்துல, அதாவது நம்ம புரட்டாசி ஐப்பசியில திறக்கும். தூதரகம் வழியா ஒண்ணு, பல்கலைக்கழகம் வழியா ஒண்ணுனு ரெண்டு பாதை. மொழித் தேர்வுல மூணாம் நிலை எடுக்காம டிகிரிக்குள்ள விடமாட்டாங்க, அதனால அந்த முதல் வருசம் ஜாலி இல்லை.

நம்ம மாதிரிப் பள்ளிகள்லேருந்து தைவானுக்கு முழு உதவித்தொகையோட பிள்ளைக போயிருக்காங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு முதல் பயணச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏத்துக்கிற ஏற்பாடும் இருக்கு. உன் தலைமை ஆசிரியர்கிட்ட இதைக் கேளு. அவருக்குத் தெரியலைன்னா மாவட்டக் கல்வி அலுவலகத்துல கேக்கச் சொல்லு.

அமெரிக்காவுல உனக்குன்னே ஒரு காலேஜ் இருக்கு. கென்டக்கியில பெரியா. யாருக்குமே கல்விக் கட்டணம் கிடையாது, 1892லேருந்து அப்படித்தான். எல்லாப் பிள்ளையும் வாரத்துக்குக் குறைஞ்சது 10 மணி நேரம் காலேஜ்லயே வேலை பார்க்கணும். தச்சுப் பட்டறை, நெசவு எல்லாம்கூட உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைக்கு முதல் வருசம் முழுச் செலவையும் பார்த்துக்குவாங்க. ஒரு முன்வைப்புத் தொகை மட்டும் கேப்பாங்க. வருசத்துக்கு ரொம்பக் கொஞ்சம் வெளிநாட்டுப் பிள்ளைகளைத்தான் எடுப்பாங்க.

ஆத்தங்குடி_கண்ணாடி

அண்ணே, படிச்சிட்டு அழுதுட்டேன், சும்மாதான். அமெரிக்காவுக்குக் கட்டுரை எழுதணுமாமே. எங்க கஷ்டத்தை எழுதினா நல்லதுன்னு அக்கா ஒருத்தவங்க சொல்றாங்க.

கொப்புடையாள்_துணை

கஷ்டத்தைத்தான் வருமானச் சான்றிதழ் சொல்லுதே. கட்டுரையில அதையே திரும்பச் சொன்னா உன்னைப் பத்தி என்ன தெரியும்? பட்டறையில நீ என்ன பார்க்கிற, அதைச் சொல்லு.

ஆத்தங்குடி_கண்ணாடி

கண்ணாடி மேல இரும்புச் சட்டம் வச்சு, அச்சுக்குள்ள கலர் சிமெண்டை அப்பா கரண்டியால ஊத்துவாங்க. அச்சைத் தூக்கினா கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம நிக்கும். மேல காஞ்ச மணல் சிமெண்டு, அப்புறம் ஈரக் கலவை. தண்ணித் தொட்டியில போட்டு எடுத்து வெயில்ல வச்சா கண்ணாடி தானா விட்டுரும். சில நாள் விடாது. ஏன்னு யார்கிட்ட கேட்டாலும் "மண்ணு சரியில்லை"ம்பாங்க. நான் மண்ணை மாத்தாம தண்ணியை மட்டும் மாத்தி, அப்பாகூட நாலு கல்லு போட்டுப் பார்த்திருக்கேன். போர் தண்ணிக்கும் மழைத் தண்ணிக்கும் வித்தியாசம் வருது.

கொப்புடையாள்_துணை

அம்மா தாயே, இதைத்தான் எழுதணும். இதே வரிசையில.

கணக்கப்பிள்ளை

நான் ஆத்தங்குடித் தரையிலே பிறந்து வளர்ந்தவன். இது இன்றுதான் தெரியும்.

புடாபெஸ்ட்_பரோட்டா

ஹங்கேரியைப் பத்தி யாரும் சொல்லலை, அதனால வர்றேன். நாட்டரசன்கோட்டைக்காரன், இங்க பி.எஸ்சி. ஸ்டிபெண்டியம் ஹங்கேரிகம்னு அரசாங்க ஸ்காலர்ஷிப். இளநிலைக்கும் உண்டு, இந்தியாவுக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க. விண்ணப்பம் ஜனவரி நடுவோட முடியும். அவங்க தளத்துல மட்டும் போட்டாப் பத்தாது, நம்ம மத்தியக் கல்வி அமைச்சகத் தளத்துலயும் தனியா போடணும். இதைத் தவற விட்டு வெளிய போனவங்க ஏராளம்.

கட்டணம் பூஜ்யம். ஹாஸ்டல் இலவசம், இல்லேன்னா வாடகைக்கு 40,000 ஃபோரிண்ட். கைச்செலவுக்கு மாசம் 43,700 ஃபோரிண்ட். நம்ம காசுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். இதை வச்சு புடாபெஸ்ட்ல மாசம் ஓட்ட முடியாது. வீட்டுலேருந்து அனுப்புறாங்க, நானும் கடையில நிக்கிறேன். முழு ஸ்காலர்ஷிப்னு பேரு, ஆனா கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அந்த மிச்சம் இங்கயும் இருக்கு. டெப்ரெசென், செகெட் மாதிரி ஊருக்குப் போனா கொஞ்சம் மூச்சு விடலாம்.

புதுவயல்_மில்

ஜெர்மனி முழுக்க ஃப்ரீங்கிறாங்களே?

புடாபெஸ்ட்_பரோட்டா

என் ரூம்மேட் அந்தப் பாதையில ஒரு வருசம் சுத்திட்டு இங்க வந்தவன், அவன் சொல்லக் கேட்டு எழுதறேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்துல பெரும்பாலும் கட்டணம் இல்லைங்கிறது உண்மை. ஆனா பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்மளை மாதிரி ஆட்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் பல்கலைக்கழகமும் இப்ப வாங்குது. கட்டணம் இல்லாத இடத்துலயும் விசாவுக்கு முடக்கக் கணக்குல 11,904 யூரோ காட்டணும், 12 லட்சத்தை ஒட்டி. அது உங்க பணம்தான், மாசா மாசம் உங்களுக்கே வரும், ஆனா முதல்ல கையில இருக்கணும். நம்ம படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர்ற ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பெரிய தடை வேற. நம்ம பிளஸ் டூவை மட்டும் வச்சு நேரா சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்கணும், இல்லேன்னா இங்க ஒரு வருசம் காலேஜ் படிச்சிருக்கணும், அதுவும் இல்லேன்னா அங்க ஸ்டூடியன்கொல்லெக்னு ஒரு வருச ஆயத்தப் படிப்பு. இளநிலை வகுப்பு பெரும்பாலும் ஜெர்மன்லதான்.

சிங்கை_வளவு

எங்க ஐயா காலத்துல கொண்டுவிக்கன்னு தொழிலுக்குப் போன ஊர்லேருந்து ஒரு குரல். சிங்கப்பூர்ல என்யுஎஸ், என்டியு ரெண்டு பல்கலைக்கழகத்துலயும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசாங்கத்தோட ட்யூஷன் கிராண்ட் உண்டு. கட்டணம் கணிசமாக் குறையும், பூஜ்யம் ஆகாது. பதிலுக்குப் படிச்சு முடிச்சதும் சிங்கப்பூர் நிறுவனத்துல மூணு வருசம் வேலை பார்ப்பேன்னு கையெழுத்துப் போடணும். வேலை தேடிக்க வேண்டியது நீங்கதான். வள்ளி ஆச்சி, தேவகோட்டையிலேருந்து நினைச்சா ஓடி வர்ற தூரம், அதையும் யோசிங்க. ஆசியான் ஸ்காலர்ஷிப்னு பார்த்து ஏமாறாதீங்க, இந்தியா ஆசியான்ல இல்லை.

வள்ளி_தேவகோட்டை

மக இதையெல்லாம் படிச்சிட்டு, இந்தியப் பிள்ளைகளுக்குன்னே அமெரிக்காவுல கார்னல் பல்கலைக்கழகத்துல ஏதோ டாட்டா பணம் இருக்காமே, கனடாவும் கேளுங்கம்மாங்கிறா.

கொப்புடையாள்_துணை

சரியாத்தான் கேட்டிருக்கா. கார்னல்ல டாட்டா ஸ்காலர்ஷிப் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். டாட்டா அறக்கட்டளை 2008ல கொடுத்த பணத்துல நடக்குது. தேவையைப் பார்த்துக் கொடுக்கிறது. தனியா விண்ணப்பம் தேடி அலைய வேண்டாம், கார்னலுக்குப் போடறப்போ உதவி கேட்டாப் போதும். ஒரே சமயத்துல இருபது பேர் அளவுக்குத்தான் அந்தப் பணத்துல படிக்கிறாங்க, அதையும் மனசுல வச்சுக்கங்க.

கனடாவுல டொரண்டோ பல்கலைக்கழகத்தோட பியர்சன் ஸ்காலர்ஷிப். கட்டணம், புத்தகம், தங்கல் நாலு வருசத்துக்கும். இதுக்குப் பள்ளிக்கூடம் முன்மொழியணும், ஒரு பள்ளிக்கு ஒரே பிள்ளை. இப்பவே போய்ப் பிரின்சிபாலைப் பாருங்க. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடம் பலதுக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, அதனால உங்க மகளுக்குப் போட்டி அங்க குறைவு. பிரிட்டன்ல இளநிலைக்குப் பெருசா இல்லை. ஆஸ்திரேலியாவுல வர்றது பெரும்பாலும் கட்டணத்துல ஒரு பங்கு கழிவு. ரெண்டுக்கும் நேரம் செலவழிக்க வேண்டாம்கிறது என் கருத்து, மத்தவங்க மறுக்கலாம்.

'எர்லி டிசிஷன்'ங்கிறது கட்டுப்பட்ட விண்ணப்பம். சீட்டு கொடுத்தா போயே ஆகணும். உதவி பத்தலைன்னா விடுவிக்கச் சொல்லிக் கேக்கலாம். நீட் அவேர் காலேஜ்கள்ல இதுல வாய்ப்புக் கூடும், ஆனா நாலு இடத்துக் கடிதத்தை ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்க்கிற வசதி போயிரும். நவம்பர் ஆரம்பத்துல கெடு. சாதாரண சுற்று ஜனவரி முதல் வாரம். மார்ச் கடைசியில முடிவு, மே 1க்குள்ள பதில் சொல்லணும்.

புதுவயல்_மில்

முழு உதவி கிடைச்சவங்களுக்குக் கைக்காசு எதுவுமே ஆகாதா தம்பி?

கொப்புடையாள்_துணை

ஆகும் அண்ணே. செவிஸ்ங்கிற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசாவுக்கு 185, டிக்கெட், குளிர் உடுப்பு. காலேஜ்கிட்ட முதல் டிக்கெட்டுக்குக் கேக்கலாம், சிலது கொடுக்கும். யாரும் சொல்லாத இன்னொண்ணு வரி. கட்டணத்துக்குப் போற உதவிக்கு வரி இல்லை. சாப்பாடு, தங்கலுக்குக் கொடுக்கிற பங்கை அமெரிக்கா வருமானமாத்தான் பார்க்கும், எஃப் 1ங்கிற மாணவர் விசாக்காரங்ககிட்ட 14 சதவீதம் பிடிப்பாங்க. முதல் பருவத்துல பில்லைப் பார்த்து எனக்குத் தலை சுத்திருச்சு. ஆனா இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்துல 21ஆவது பிரிவு இருக்கு, நம்ம மாணவர்களுக்கு நிலைக்கழிவு கிடைக்கும், அதாவது ஒரு தொகையைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் வரி. மறு வருசம் ரிட்டர்ன் போட்டா அதுல பெரும்பகுதி திரும்பி வரும். ரிட்டர்ன் போடாம விட்டுட்டு வந்த நம்ம பசங்க நிறைய.

வள்ளி_தேவகோட்டை

பள்ளிக்கூடத்துல கேட்டேன் தம்பி. கவுன்சலர்னு யாரும் இல்லை, பரிந்துரைக் கடிதத்தை "நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றோம்"ங்கிறாக. எழுதலாமா?

கொப்புடையாள்_துணை

வேண்டாம் ஆச்சி. பிரின்சிபாலே கவுன்சலர் இடத்துல இருக்கலாம், பல காலேஜுக்கு ஒரே இடத்துல விண்ணப்பிக்கிற காமன் ஆப் தளம் ஏத்துக்கும். கடிதம் அவங்க மெயில்லேருந்து அவங்களே ஏத்தணும். "நல்ல பிள்ளை, ஒழுக்கமான பிள்ளை, வருங்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்"னு நாலு வரி எழுதிடுவாங்க, அதுதான் பிரச்சினை. கணக்கு சார்கிட்ட உங்க மகளையே போகச் சொல்லுங்க. வகுப்புல அவ கேட்ட ஒரு கேள்வி, போர்டுல வேற வழியில போட்ட ஒரு கணக்கு, இந்த மாதிரி சார் கண்ணால பார்த்ததை ஞாபகப்படுத்தட்டும். தமிழ்ல சொன்னாலும் பரவாயில்லை, சொல்றவர் அவரா இருக்கணும். பள்ளியைப் பத்தி ஒரு பக்கக் குறிப்பும் வேணும்: எத்தனை பிள்ளைக, என்ன பாடம், போன வருச மதிப்பெண் எப்படி. அதுக்கு மாதிரி வடிவம் என்கிட்ட இருக்கு, தனிச்செய்தியில அனுப்புறேன்.

ஆத்தங்குடி_கண்ணாடி

எனக்கும் அனுப்புங்கண்ணே. பாஸ்போர்ட்டுக்கு இ சேவையில பதிஞ்சாச்சு, வருமானச் சான்றிதழும் போட்டுட்டேன். மெக்ஸ்ட் பழைய வினாத்தாள் காசு கொடுத்து வாங்கணுமா?

கொப்புடையாள்_துணை

வேண்டாம்மா, ஸ்டடி இன் ஜப்பான் தளத்துல விடையோடயே இலவசமா இருக்கு. கணக்குல ஏ, பின்னு ரெண்டு தாள் இருக்கும். ஏ கலைப் பாடக்காரங்களுக்கு, நீ பி எடு.